பொன்னி போய் வந்த வழி: வாசகர் கேள்விகள்

வளரும் நாடுகளின் வேளாண் அலுவலர்களுக்கு நம் அரசு செலவில் நடக்கும், நானும் வகுப்பெடுத்த பயிற்சி பற்றிச் சென்ற முறை எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி கோபமானவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: டெல்டாவில் விவசாயி ஒரு வேளாண் அலுவலரைப் பிடிப்பதற்குள் பூச்சி பயிரைத் தின்றுவிடுகிறது. நம் வரிப்பணத்தில் வெளிநாட்டுக்காரருக்கு விமான டிக்கெட் போட்டு நெல் சாகுபடி சொல்லித்தருவது எந்த ஊர் நியாயம்? (திருத்துறைப்பூண்டி)

முதல் பாதிக்கு என்னிடம் மறுப்பே இல்லை. ஒரு அலுவலர் தலையில் எத்தனை கிராமங்கள் என்று பார்த்தவன்தான் நானும். இரண்டாம் பாதிக்கு உங்கள் வீட்டுச் சோற்றையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

1950-களில் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு ஒரு வேலையை எடுத்தது. உரம் போட்டால் சாயாமல் தாங்கும் ஜப்பானிகா நெல் ரகங்களையும் நம் பக்கத்து இண்டிகா ரகங்களையும் ஒட்டுச் சேர்க்க வேண்டும். இடம், ஒடிசாவின் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையம். பலன் ஆசிய நாடுகள் பலவற்றுக்கும். அங்கே தைச்சுங் 65 ரகத்தையும் மலேசியாவின் மாயாங் எபோஸ் 80 ரகத்தையும் சேர்த்த விதை மலேசியாவுக்குப் போனது. அவர்கள் வயலில் போட்டுத் தேர்ந்தெடுத்து, 1965-ல் மாசூரி என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். அந்த மாசூரிதான் திரும்பி வந்து நம்மிடம் பொன்னி ஆனது. 1986-ல் வந்த வெள்ளைப் பொன்னியும் அதிலிருந்து தேர்ந்தெடுத்ததே. டெல்டாவில் பெரியவர்கள் இன்னும் பேசும் ஆடுதுறை 27-க்கும் ஒரு பக்கம் ஜப்பானின் நோரின் 10, இன்னொரு பக்கம் நம் ஜி.இ.பி. 24.

மலேசியாவுக்காகக் கட்டாக்கில் செய்த வேலை கல்யாணப் பந்தியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? அலுவலர் காலியிடங்களை நிரப்பச் சொல்லிப் போராடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்தப் பயிற்சியை நிறுத்தினால் அந்த இடங்கள் நிரம்பிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். இந்தியாவில் குறுகிய காலப் பயிற்சிக்கு வர என்ன வழி? (இலங்கை)

நீங்கள் தேடுவது ஐடெக் (இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்பு). இந்திய வெளியுறவு அமைச்சகம் 1964 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். போகவர விமானக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவுப் பணம் எல்லாம் இந்திய அரசு தரும். பொதுவாக வயது 25 முதல் 45-க்குள், சில ஆண்டு வேலை அனுபவம், வகுப்பைப் பின்தொடரும் அளவு ஆங்கிலம் கேட்பார்கள். இணையத்தில் விண்ணப்பித்து, அச்செடுத்து, உங்கள் திணைக்களத்தின் சம்மதத்தோடு அதை இந்தியத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பங்கள் தேங்குவது பெரும்பாலும் திணைக்கள மேசையில்தான். முதல் நாளே அங்கே போய் நில்லுங்கள்.

அப்புறம் ஒன்று. "இந்தப் பயிற்சி ஏன் வேண்டும்" என்ற கட்டத்தில் "அறிவை வளர்த்துக்கொள்ள" என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் பிரிவில் சோளத்தில் படைப்புழு எத்தனை ஏக்கரைத் தின்றது, என்ன மருந்து அடித்தும் நிற்கவில்லை என்று நாலு வரி எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: உங்கள் வகுப்பில் அவர்கள் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொண்டார்களா? (தஞ்சாவூர்)

ஒரு முறை கற்றுக்கொண்டது நான். நாற்றங்கால், நடவு, கோனோவீடர் என்ற களை எடுக்கும் கருவி என்று மூன்று நாள் பாடம் தயாரித்து வைத்திருந்தேன். கோனோவீடரைச் சேற்றில் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தபோது உகாண்டாவிலிருந்து வந்த ஓர் அம்மா, கால் நனையாமல் வரப்பிலேயே நின்றபடி கேட்டார்: "எங்கள் நெல் தண்ணீரில் நிற்காதே, இதை எங்கே தள்ளுவது?"

அவர்கள் பகுதியில் நெரிகா என்ற மேட்டுநில நெல். ஆப்பிரிக்க நெல் இனத்தையும் ஆசிய நெல் இனத்தையும் இணைத்து உருவாக்கியது. அந்த வேலைக்காகத்தான் சியரா லியோனின் மான்ட்டி ஜோன்ஸுக்கு 2004-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மழையை மட்டும் நம்பிச் சோளம் போல விதைப்பார்கள். மறுநாள் பாடத்தை மூடிவைத்துவிட்டு ராமநாதபுரம் பக்கம் புழுதி விதைப்பைக் காட்டக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெரியவர் மண்ணைக் கையில் அள்ளி, எந்த ஈரத்தில் விதைக்கலாம் என்று பிசைந்து காட்டினார். அன்று மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை. வந்தவர்களைப் பற்றி முன்கூட்டியே நாலு கேள்வி கேட்டிருந்தால் அந்த மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

அந்தக் கோனோவீடர் சேர்ந்த ஒற்றை நாற்று நடவும் நம் சொந்தச் சரக்கு அல்ல. 1980-களில் மடகாஸ்கரில், லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து கண்டது.

கேள்வி: நிபுணர்கள் போய்ச் சொதப்பிய கதை உண்டா? (விருதுநகர்)

தாராளமாக. உங்கள் பக்கத்துப் பயிரிலேயே ஒன்று. இது பயிற்சித் திட்டம் அல்ல, காலனி அரசின் திட்டம், ஆனாலும் பாடம் பொருந்தும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எண்ணெய்த் தட்டுப்பாடு. இன்றைய தான்சானியாவையும் பக்கத்து நாடுகளையும் சேர்த்து 30 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலக்கடலை போடுவது என்று 1947-ல் இறங்கினார்கள். கோங்வா என்ற இடத்தில் புதர் அழிக்கப் போர் டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றிப் பார்த்தார்கள்.

நிலக்கடலை பிடுங்கியவர்களுக்குத் தெரியும், மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். இறுகிவிட்டால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். கோங்வாவில் களிமண். வெயில் ஏறியதும் கல்லாகிவிட்டது. மழையும் நினைத்தபடி வரவில்லை. சுமார் 3.6 கோடி பவுண்டு கரைந்த பிறகு 1951-ல் கைகழுவினார்கள். சாத்தூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவரை மண்வெட்டியோடு அனுப்பியிருந்தால் ஒரே காலையில் சொல்லியிருப்பார்.

கேள்வி: மகள் தோட்டக்கலை படித்துவிட்டு அமெரிக்கக் குடிமகளாகிவிட்டாள். அங்கே அரசு செலவில் ஏழை நாட்டு விவசாயிகளுக்கு உதவப் போகலாமாமே? (கோவை)

விவசாயிக்கு விவசாயி என்று 1985-ன் சட்டம் ஒன்றால் வந்த திட்டம். சம்பளம் கிடையாது, பயணச் செலவு அரசுடையது, சில வாரம் போய்ச் சொல்லிக்கொடுத்து வர வேண்டும். ஜான் ஓகனோவ்ஸ்கி என்பவர் பெயரும் இதற்கு உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்டு நியூயார்க் கோபுரத்தில் மோதிய முதல் விமானத்தின் கேப்டன் அவர். மாசசூசெட்ஸில் விவசாயமும் செய்தார். அகதிகளாக வந்த கம்போடிய விவசாயிகளுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்துக் காய்கறி போட உதவியவர்.

ஆனால் இப்போது உடனே பெட்டி கட்டச் சொல்லாதீர்கள். பணம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. 2025-ல் அந்த அமைப்பையே கலைத்துவிட்டார்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன், வயது 61. நிபுணராகப் போக முடியுமா? (ஈரோடு)

ஐடெக்கில் நிபுணர்களை அனுப்பும் பிரிவும் உண்டு. ஆனால் அந்த நாட்டு அரசு கேட்க வேண்டும். நாமாகப் போய் நிற்க முடியாது.

கேள்வி: பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு என்ன போடுவீர்கள்? (பெயர் போடாத ஒரு கடிதம்)

முதல் வாரம் சாம்பாரைப் பார்த்துப் பயந்தார்கள். உகாண்டா அம்மா மட்டும் விடுதிச் சமையலறைக்கே போய், பஜ்ஜிக்கு வைத்திருந்த வாழைக்காயில் ஒரு சீப்பை எடுத்தார். தோல் சீவி, வாழை இலையில் சுற்றி வேகவைத்து, மசித்து வைத்தார். மடோகே என்றார். சமையல் மாஸ்டர் ருசி பார்த்துவிட்டு, கொஞ்சம் கடுகு தாளித்தால் நன்றாயிருக்கும் என்றார். தாளித்தார்கள். அந்த அம்மா இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.