கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் பார்த்தது ஆர்க்டிக் ஆலாவா?

வணக்கம். ஏப்ரலில் அணையில் எடுத்த படம், கறுப்புத் தொப்பி, சிவப்பு அலகு, சாம்பல் வயிறு. பறவையை அடையாளம் காட்டும் செயலி ஆர்க்டிக் ஆலா (ஆலா என்பது டெர்ன் எனும் நீர்ப்பறவை) என்கிறது, சரியா என்று கேட்டிருந்தீர்கள். மீசை ஆலா என்றே தோன்றுகிறது. செயலியையும் குறை சொல்ல முடியாது: இனப்பெருக்கக் கோலத்தில் இரண்டுக்குமே சாம்பல் வயிறு, வெள்ளைக் கன்னம், சிவந்த அலகு.

வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆர்க்டிக் ஆலாவுக்கு இரு ஓரங்களிலும் நீண்ட கம்பி இறகுகள். மீசை ஆலாவுக்கு லேசான வெட்டுதான். வயிறு கரிச்சாம்பலாக இருந்தால் மீசை ஆலாதான், சந்தேகமே வேண்டாம். மஞ்சள் அலகு என்றால் நம்மூர் ஆற்று ஆலா. இரை பிடிப்பதும் வேறு: மீசை ஆலா நீர்ப்பரப்பை உரசிப் பூச்சியைக் கொத்தும், ஆர்க்டிக் ஆலா தலைகுப்புறப் பாயும்.

ஆர்க்டிக் ஆலாவின் வலசைப் பாதையும் பொருந்தவில்லை. கிரீன்லாந்துப் பறவைகளில் பாதையைப் பதியும் 1.4 கிராம் கருவி பொருத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்குச் சராசரி 70,900 கி.மீ. பறந்தது தெரிந்தது, எல்லாம் அட்லாண்டிக் கடல்வழி. ஏப்ரலில் அவை அண்டார்டிக்காவை விட்டு வடக்கே கிளம்பும் நேரம்.

அடுத்த முறை வானத்தைப் பின்னணியாக வைக்காதீர்கள். வெள்ளை வயிறுகூடக் கறுத்துத் தெரியும். கரை மேட்டிலிருந்து, தண்ணீர் பின்னால் வர, 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுங்கள். நீர் இருண்டிருந்தால் எக்ஸ்போஷரை (கேமராவில் படத்தின் வெளிச்ச அளவு) −0.7க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் இறகு வெளிறிவிடும். விரித்த வால் தெரியும் படம் ஒன்று போதும்.