ஓடும்போது தெரியாத 191 கிலோ: மீட்டியர் 350 கேள்வி பதில்

ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350, அதாவது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் குரூஸர் பைக், வாங்கி நாலரை ஆண்டு ஆகிறது. 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்குத் தினமும் வேலைக்குப் போவது அதில்தான், மாதம் ஒருமுறை எங்காவது தூரமாகவும் போய்வருவேன். குரூஸர் வண்டி பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் செய்து பார்த்ததை மட்டும் பதிலாகச் சொல்கிறேன்.

அண்ணா, இப்போது 150 சிசி பைக் ஓட்டுகிறேன். மீட்டியருக்கு மாறினால் முதலில் என்ன வித்தியாசம் தெரியும்? (நாமக்கல்)

எடைதான் தம்பி. வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. 349 சிசி என்ஜினாக இருந்தாலும் திறன் 20 குதிரைச்சக்திதான். ஆனால் இழுவை 27 நியூட்டன் மீட்டர், அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போதே முழுசாகக் கிடைத்துவிடும். பிஸ்டன் 72 மி.மீ. அகலம், அது மேலும் கீழும் போய்வரும் தூரம் 85.8 மி.மீ. இப்படி நீளமாக அடிக்கிற என்ஜின் கீழ்ச்சுற்றில் நன்றாக இழுக்கும். அதனால் ஐந்தாவது கியரில் 50-இல் போனாலும் திணறாமல் நகரும், அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. 80, 85-இல் நாள் முழுக்கப் போகலாம். 100-க்கு மேலேயே விரட்டிக்கொண்டிருக்க ஆசைப்பட்டால் இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன்.

எடைக்கு வருவோம். பெட்ரோலோடு சேர்த்து 191 கிலோ. 60-இல் போகும்போது அந்த எடை எங்கே போனதென்றே தெரியாது. டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போதுதான் மொத்தமும் கைக்கு வரும். முன்சக்கரம் சரிவைப் பார்த்தபடி விட்டுவிட்டால் பின்னால் இழுக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கும். அதனால் நிறுத்தும்போதே எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்து நிறுத்துங்கள். சரிவான இடத்தில் பின்சக்கரம் பள்ளத்தின் பக்கம் இருக்கட்டும், முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குங்கள். கத்திரி வெயிலில் தார் இளகியிருக்கும். சைடு ஸ்டாண்ட் மெதுவாக உள்ளே இறங்கி, அரைமணி நேரத்தில் வண்டி சாய்ந்துவிடும். நான் ஒரு தட்டையான இரும்புத் துண்டைச் சீட்டுக்கு அடியில் எப்போதும் வைத்திருக்கிறேன்.

கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் 5 அடி 2 அங்குலம். இந்த வண்டியைச் சமாளிக்க முடியுமா? யூ-டர்ன் நினைத்தாலே பயமாக இருக்கிறது. (திருச்சி)

உயரம் ஒரு தடையே இல்லை, மேடம். சீட் உயரம் 765 மி.மீ.தான். சீட்டின் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் உங்களுக்குக் கால் தரையில் நன்றாகவே ஊன்றும். ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். என்ஜினைப் போடாமல், ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வண்டியின் இடப்பக்கம் நின்று பத்தடி முன்னால் தள்ளுங்கள், பத்தடி பின்னால் இழுங்கள். அது முடிந்தால் வண்டி உங்களுடையதுதான். உரிமத்தையும் ஒருமுறை பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்த உரிமம் இதற்குச் செல்லாது.

யூ-டர்னில் விழுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றினால்தான் விழுகிறார்கள். ஹேண்டில்பாரை முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு, பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிடுகிறார்கள். சக்கரம் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும், 191 கிலோவை ஒரு கால் தாங்காது. திருப்பம் முடியும்வரை வலக்கை விரல்கள் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து அப்படியே நிலையாக வையுங்கள். வேகத்தை ஹாஃப் கிளட்சால், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடித்து, கட்டுப்படுத்துங்கள். பின் பிரேக்கை வலக்கால் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கட்டும். என்ஜின் இழுக்க, பின் பிரேக் பிடிக்க, வண்டி கயிற்றில் கட்டினமாதிரி நிமிர்ந்து நிற்கும். பார்வை போகவேண்டிய பக்கம் இருக்கட்டும், தலையையே திருப்பிப் பாருங்கள். முன்சக்கரத்தைப் பார்த்தீர்களென்றால் அங்கேயேதான் விழுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்துக்குப் போங்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலைப் பத்தடி இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். முதலில் பெரிய எட்டு, அப்புறம் சின்னது. நாலு ஞாயிறு போதும், பயம் போய்விடும். என் தங்கைக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், இப்போது அவள் என்னைவிடச் சின்ன வட்டத்தில் திருப்புகிறாள்.

வண்டி சாய்ந்துவிட்டால் தனியாகத் தூக்க முடியுமா அண்ணே? (தேனி)

முடியும், ஆனால் கையால் தூக்கப் போகாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதலில் சாவியை அணையுங்கள். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளிவிடுங்கள். நிமிர்த்தியதும் இடப்பக்கமாக அதிலேயே சாய்ந்து நின்றுகொள்ளும். முடிந்தால் முதல் கியரில் போடுங்கள், உருளாது.

இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் பிட்டத்தை ஒட்டிக் குந்துங்கள். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுசாகத் திருப்பி, தரையில் கிடக்கிற பிடியை ஒரு கையால் பிடியுங்கள். மறுகையால் பின்னாலிருக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடியுங்கள். முதுகு நேராக இருக்கட்டும். காலால் உந்தி, குட்டிக் குட்டி அடியாகப் பின்னாலேயே நடங்கள். வண்டி உங்களோடு எழுந்து வரும். முக்கால்வாசி நிமிர்ந்ததும் எடை திடீரென்று குறையும், அங்கே வேகம் கொடுத்தால் மறுபக்கம் கவிழ்த்துவிடுவீர்கள். இடப்பக்கம் விழுந்த வண்டிக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு, ஏனென்றால் மறுபக்கத்தில் ஸ்டாண்ட் கிடையாது.

150 கிலோமீட்டர் போனதும் அடிமுதுகு வலிக்கிறது. சொகுசு வண்டி என்று சொல்லித்தானே வாங்கினோம்? (கோயம்புத்தூர்)

இந்தக் கேள்வியை மட்டும் ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். சாதாரண பைக்கில் ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்குக் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் தெரியாமலே காலை ஊன்றி லேசாக எழுந்துவிடுகிறோம். குரூஸரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் அப்படி எழ முடியாது, பள்ளத்தின் அடி நேரே முதுகெலும்பில் இறங்குகிறது. அதனால் வேகத்தடை, பள்ளம் எதுவானாலும் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். மற்ற வண்டியில் ஏறித் தாண்டுவதுபோல இதில் தாண்டக் கூடாது.

அடுத்தது பின் ஷாக் அப்சார்பர். ஆறு நிலை இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை. 65 கிலோ ஆள் தனியாகப் போகும்போது கெட்டியான நிலையில் இருந்தால் ஒவ்வொரு குழியும் இடிக்கும். பின்னால் ஆளும் பையும் இருக்கும்போது தளர்வாக இருந்தால் அடிவரை போய் முட்டும். தனியாகப் போகும்போது குறைத்து, இருவர் போகும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். டயர் காற்றையும் கையேட்டில் உள்ளபடி, வண்டி சூடாவதற்கு முன் காலையில் பாருங்கள்.

அப்புறம் தோள். ஹேண்டில்பார் எட்டாமல் முன்னால் குனிந்தால் வலி அங்கிருந்தே தொடங்கும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டில்பாரை ஒரு விரல்கடை உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். எனக்கு அந்த ஒரு விரல்கடையில்தான் பாதி வலி போனது. மீதிப் பாதி, 70 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடந்ததில் போனது.

செயினை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? (விழுப்புரம்)

500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய்து லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடிக்க வேண்டும். மழையில் போனால் அன்றே. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செய்யுங்கள். கியரில் ஓடவிட்டுத் துணியால் துடைக்கிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம், விரல் போய்விடும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும்.

தளர்ந்த செயினைவிட இறுக்கமான செயின் ஆபத்து. ஒருமுறை கொடைக்கானல் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஓர் ஒர்க்ஷாப்பில் செயினை நன்றாக இறுக்கிக் கொடுத்தார்கள். திண்டுக்கல் தாண்டும்போது அடியிலிருந்து ஓர் உறுமல். நிறுத்திச் செயினைத் தொட்டேன், வீணைத் தந்தி மாதிரி நின்றது. ஆள் உட்கார்ந்து பின்சக்கரம் மேலே ஏறும்போது செயின் இன்னும் இழுபடும். விட்டுக்கொடுக்க இடமில்லாவிட்டால் அந்த இழுப்பு பேரிங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும். வத்தலக்குண்டில் ஒரு மெக்கானிக் தளர்த்திக் கொடுத்தபிறகுதான் மலை ஏறினேன். சர்வீஸ் விட்டு எடுத்ததும் செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள், கையேட்டில் சொன்ன அளவுக்கு அசைய வேண்டும்.

20 சதவீத எத்தனால் பெட்ரோலால் கெடுதலா? மைலேஜ் எவ்வளவு வருகிறது? (மதுரை)

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவை இந்தப் பெட்ரோலுக்குத் தோதாகவே வருகின்றன. என்னுடையது அதற்கு முந்தையது. மைலேஜ் லிட்டருக்கு 35-லிருந்து 33-க்கு வந்திருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். டேங்க் 15 லிட்டர், 400 கிலோமீட்டருக்குள் நிரப்பிவிடுவேன்.

சத்தம் போதவில்லை, சைலென்சரை மாற்றலாமா? (சேலம்)

வேண்டாம். போலீஸ் பிடித்தால் அபராதம், வாரண்டியும் போகும். தெருவிலுள்ள மற்ற வீடுகளைப்போல உங்கள் வீட்டிலும் தூங்கும் குழந்தையும் நோயாளியும் இருப்பார்கள் அல்லவா?

கொஞ்சம் பணம் சேர்த்து நேராக சூப்பர் மீட்டியர் 650 வாங்கிவிடலாமா? (ஓசூர்)

அது 241 கிலோ. இதைவிட ஒரு மூட்டை சிமெண்ட் அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவைக்கு 40 சதவீதம். விலை இடைவெளி அதனால் இன்னும் விரிந்துவிட்டது. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர் என்றால் 650 அருமையான வண்டி. நகரத்துக்குள்தான் அதிகம் என்றால் 350 போதும்.

வால்பாறை, ஊட்டி பக்கம் முதல்முறை இருவராகப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (ஈரோடு)

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சிரமமில்லை, இந்த என்ஜின் இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டு போய்விடும். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், கிளட்சைப் பிடித்து உருளவிடாதீர்கள். பின் பிரேக்கை மட்டும் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக் இல்லாமல் போங்கள். குரூஸரில் ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக இருப்பதால் அதிகம் சாய்த்தால் தரையில் உரசும். உரசிய சத்தம் கேட்டால் பதறி நிமிர்த்தாதீர்கள், எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

ஊட்டியிலிருந்து முதுமலை வழியாக மைசூர் போவதானால் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மைசூரிலிருந்து பெங்களூர் போகும் விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, பக்கத்துச் சாலையில்தான் போக வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கு போடுங்கள்.

மழைத்தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால்? (வேளச்சேரி)

திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்த்து உள்ளிருக்கும் கம்பியை வளைத்துவிடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போய், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. இளமையில் புல்லட் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் மீட்டியர் வேண்டும் என்கிறார். வாங்கித் தரலாமா? (தஞ்சாவூர்)

தாராளமாக. அவர் ஓட்டிய பழைய புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், பழைய மாடலில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். இதில் பட்டன்தான், கியர் இடக்காலில். உடம்பில் ஊறிய பழக்கம் அவசரத்தில் வெளியே வரும், அதனால் முதல் மாதம் ஊருக்குள் மட்டும் ஓட்டட்டும். இதில் இரண்டு சக்கரத்துக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு, அவர் காலத்து டிரம் பிரேக்கைவிடப் பல மடங்கு நம்பலாம். உரிமத்தை அந்த வயதில் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தேதி பாருங்கள்.

முழங்காலும் தோளும் எப்படி இருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருச்சி ஆசிரியைக்குச் சொன்ன அதே பத்தடி தள்ளல், பத்தடி இழுவையை அப்பாவும் செய்யட்டும். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள், ஆனால் அவர் கேட்காமல் கை கொடுக்காதீர்கள்.