பாய் விரித்து ஒரு தீவைச் சுற்றுதல்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் எக் தீவைப் பாய்ப்படகில் சாவகாசமாகச் சுற்றிவந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் தாத்தா பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டியவர். எஞ்சின் வந்த பிறகுதான் வீட்டில் மூச்சுவிட முடிந்தது என்று அப்பா சொல்வார். எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது உங்களுக்கு எப்படி ஓய்வாகிறது? வெளியிலிருந்து மின்சாரம் வராத தீவின் வாழ்க்கையையும் நீங்கள் அழகுபடுத்திவிட்டதாகத் தோன்றுகிறது.

தங்கள் வாசகன்,
மணக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. மீன் கெடுவதற்குள் கரைசேர வேண்டியவருக்குக் காற்று விழுந்துவிட்டால் அன்றைய பாடு போயிற்று. துடுப்பு வலித்துக் கை காய்த்தவர்களிடம் எஞ்சினைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. நான் எதையும் விற்க வேண்டியிராதவன். என் ஓய்வு அந்த வசதியிலிருந்து வந்தது.

ஆனால் பாய் ஓட்டுவதில் இருக்கும் அறிவை வறுமையோடு சேர்த்துக் கழித்துவிட எனக்கு மனமில்லை. நம் கட்டுமரக்காரர்கள் பருத்திப் பாயின்மேல் கடல்நீரை வாரி இறைப்பார்கள். நூல் ஊறி இறுகினால்தான் காற்று கசியாமல் தங்கும். இப்படிப்பட்ட நுட்பங்கள் எல்லாக் கடலிலும் உண்டு. எக் தீவின் தெற்கில் அன் ஸ்கூர் என்னும் கரும்பாறை 393 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கிறது. அதன்மேல் ஏறிய காற்று மறுபுறம் சரிந்து விழும்போது, அமைதியாகக் கிடக்கும் நீரில் திடீரென ஒரு கருமை படர்ந்து நம்மை நோக்கி ஓடிவரும், அது வந்து சேர்வதற்குள் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானை இளக்கியாக வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் கச்சான் காற்று நெருக்குண்டு வேகம் கொள்வதை அறிந்த நம் குமரி மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்குப் புதிதாக இருந்தது, கடல்மட்டம் ஏறி இறங்கும் ஏற்றவற்றம்தான். நம் கரையில் ஒரு மீட்டர் தேறாத அது, அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டரைத் தொடும். நீவாடு என்னும் கடல்நீரோட்டம் எதிர்த்து வரும் வேளையில், பாய் நிறையக் காற்றிருந்தும், கரையிலுள்ள அதே பாறை வெகுநேரம் நம் பக்கத்திலேயே நிற்கும். அப்படி நின்ற ஒரு மாலையில்தான், அருகிலுள்ள ரம் தீவின் மலைகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் மாங்ஸ் ஷியர்வாட்டர் பறவைகள், கூடு திரும்ப இருட்டட்டும் என்று கூட்டங்கூட்டமாக நீர்மேல் காத்திருப்பதைக் கண்டேன். எஞ்சின் போட்டிருந்தால் அவற்றைக் கலைத்துக்கொண்டு கடந்திருப்பேன். நான் எழுதிய சாவகாசத்தின் பொருள் அவ்வளவுதான்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. 1997-இல் தீவு மக்கள், வெளி அமைப்புகளும் துணைநிற்க, தீவையே விலைக்கு வாங்கித் தங்கள் பொறுப்பில் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான் ஓடியது. 2008-இல் ஓடைநீர், காற்று, வெயில் ஆகிய மூன்றையும் இணைத்துச் சொந்த மின்கட்டமைப்பை அமைத்துக்கொண்டார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட் வரை எடுக்கலாம். தொழில் இடங்களுக்கு 10. மீறினால் இணைப்பு நின்றுவிடும். ஆகவே தண்ணீர் கொதிக்கும் கெட்டில் அணைந்த பிறகே சலவை இயந்திரத்தைப் போடுவது அங்கே ஒரு வீட்டுப் பழக்கம். மிகும் மின்சாரம் பொதுக் கட்டடங்களைச் சூடாக்கப் போகிறது. யாரும் இருட்டில் இல்லை. எவ்வளவு போதும் என்பதை ஊர் கூடி முடிவு செய்திருக்கிறது, அந்த முடிவு எல்லா வீட்டுக்கும் ஒன்றே. முப்பந்தல் காற்றாலைகளைப் பேருந்து சன்னல் வழியே பார்த்து வளர்ந்த நமக்கு இது அக்கறையோடு கவனிக்க வேண்டிய செய்தி என்றே இப்போதும் கருதுகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாய் ஓட்டிய முதியவர்கள் மணக்குடியில் இன்னும் இருப்பார்களானால், எந்த மாதம் எந்தக் காற்றுக்குப் பாய் கட்டும் மரமான பருமலை எப்படித் திருப்பினார்கள், எந்த மலையுச்சியையும் எந்தக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக் கடலுக்கடியில் இருக்கும் பார் என்னும் பாறைத்திட்டை அடையாளம் கண்டார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். திருத்தாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.