ஐந்தாறு சிகரெட்தானே?

கேள்வி: எனக்கு வயது 34. பத்து வருடமாகப் புகைக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு, அதுவும் 'லைட்ஸ்'தான். நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் ஆண்களுக்குத்தானே வருகிறது? இந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதாதா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, சென்னை

பதில்: போதாது.

பெண் புகைக்கலாமா என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் இந்தப் பக்கத்தில் கிடையாது. நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் கணக்கு பழையது என்பதுதான் என் கவலை.

1960களில் அமெரிக்காவில், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து புகைக்காத பெண்ணைவிடப் புகைக்கும் பெண்ணுக்கு மூன்று மடங்குகூட இல்லை. ஆண்களுக்கோ பன்னிரண்டு மடங்கு. பெண் உடம்பு தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. பெண்கள் பழகியதே பிந்தித்தான். இந்த நோய் தலைகாட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். 1929இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பரக்காரர் இளம்பெண்களைச் சிகரெட்டோடு நடக்கவைத்து, அதை 'விடுதலைச் சுடர்' என்றார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது சிகரெட் கம்பெனி. விடுதலையின் பெயரால் விற்ற அந்தச் சரக்கை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1987இல் அங்கே பெண்களின் உயிரைப் பறிப்பதில் மார்பகப் புற்றுநோயை நுரையீரல் புற்றுநோய் முந்திவிட்டது. 2000க்குப் பிந்தைய கணக்கில் இரு பாலாருக்கும் ஆபத்து ஏறக்குறைய 25 மடங்கு.

'லைட்ஸ்' என்பதும் ஏமாற்றுதான். ஃபில்டரில் பொடித் துளைகள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியே காற்று கலப்பதால், புகையிலுள்ள தார் என்ற நச்சுப் பிசின் சோதனை இயந்திரத்தில் குறைவாகக் காட்டும். மனிதர் அப்படி இழுப்பதில்லை. நிகோடின் போதாமல் ஆழமாக இழுக்கிறோம், விரலாலும் உதட்டாலும் துளையை மூடிவிடுகிறோம்.

பிரிட்டனில் 13 லட்சம் பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வின் முடிவு 2012இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஒரு நாளைக்குப் பத்துக்கும் குறைவாகப் புகைத்த பெண்களிடம்கூட, எல்லா நோய்களும் சேர்த்து, இறப்பு விகிதம் இரு மடங்கு. உங்கள் ஐந்தாறும் இதற்குள்தான் வருகிறது.

அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். நாற்பதுக்கு முன்பே விட்டவர்கள், புகையால் வரும் கூடுதல் மரண ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தப்பினார்கள். எவ்வளவு முன்னதாக விட்டார்களோ அவ்வளவு லாபம். உங்களுக்கு 34தான். குறைக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். தனியாக முடியவில்லையென்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நிகோடின் சூயிங்கம் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு முறை தவறினால் மறுபடி முயலுங்கள். பலரும் சில முறை தவறிய பிறகே விட்டிருக்கிறார்கள்.