முதுகில் ஒரு ஸ்கோர், இடுப்பில் ஒரு ஸ்கோர்: எது சரி?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. வீட்டுக்குள்ளேயே கால் தடுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். டி-ஸ்கோர் முதுகெலும்பில் -2.8, இடுப்பில் -1.6. ஒரே உடம்பில் எப்படி இரண்டு விதம்? ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டுமா?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். டி-ஸ்கோர் என்பது, எலும்பின் அடர்த்தி இளவயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு; மைனஸில் கீழே போகப் போக அடர்த்தி குறைவு. மெஷினைச் சந்தேகப்படும் முன் எலும்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம்.

பெரியவர்கள் உடம்பில் பொதுவாக 206 எலும்புகள். நீள எலும்பு, குட்டை எலும்பு, தட்டை எலும்பு என்றெல்லாம் பள்ளியில் வகை பிரித்துப் படித்திருப்பீர்கள். அது வடிவக் கணக்கு. உங்கள் கேள்விக்கு வேண்டியது வேறு: ஓர் எலும்பில் கெட்டிப் பகுதி எவ்வளவு, பஞ்சுப் பகுதி எவ்வளவு?

தொடை எலும்பின் தண்டைக் குறுக்கே வெட்டினால் சுற்றிலும் தடித்த சுவர், நடுவில் மஜ்ஜை. அந்தச் சுவர்தான் கெட்டி எலும்பு. எலும்புக்கூட்டின் எடையில் சுமார் 80 சதவீதம் இதுதான். மீதி பஞ்சு எலும்பு. பெயரைப் பார்த்து மெத்தென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கடினமான சிறு குச்சிகளும் தகடுகளும் பின்னிய வலை அது. பாரம் இறங்கும் திசையை ஒட்டியே அந்தக் குச்சிகள் வரிசை கட்டி நிற்கும்.

முதுகெலும்புக் கட்டைகள் மெல்லிய ஓட்டுக்குள் பெரும்பாலும் இந்த வலைதான். உங்கள் அம்மாவுக்கு முறிந்த இடமும் ஏறக்குறைய அப்படியே. இடுப்புப் பக்கம் அளக்கும் தொடை எலும்புக் கழுத்திலோ கெட்டிச் சுவரின் பங்கு கூடுதல்.

அதனால் என்ன? எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாகக் கட்டப்படும் பொருள். இந்த வேலை நடப்பது அதன் மேற்பரப்பில். வலைக்கு மேற்பரப்பு அதிகம்; எனவே மாற்றமும் அங்கேதான் வேகம். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் கரைவது கட்டுவதை முந்திவிடுகிறது, முதல் அடி பஞ்சு எலும்புக்கு விழுகிறது. குச்சிகள் மெலிவதோடு நிற்பதில்லை, அறுந்தும் போகின்றன. மெலிந்ததைத் தேற்றலாம்; அறுந்ததை ஒட்டவைப்பது கடினம். சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? குறைவாக உள்ளதை, அதாவது -2.8-ஐ. -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே முறிந்தது என்பதும் அதையேதான் சொல்கிறது. மறு ஸ்கேன் இப்போது தேவையில்லை. கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் பற்றியும் மருந்து பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், அம்மாவின் உயரத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள். முன்பைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கட்டைகள் சத்தமில்லாமல், பல சமயம் வலிகூட இல்லாமல் நசுங்கிவிடும்.