நட்சத்திரம் போன பிறகு மிச்சமிருக்கும் ரிசீவர்களை நம்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் பார்க்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. அணியின் பெரிய ரிசீவர் (குவாட்டர்பேக் என்ற வீச்சாளர் எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) விலகிவிட்டார், மிச்சமிருப்பவர்களை வைத்து ஒப்பேற்ற முடியுமா? கேட்டவர்கள் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு அணி இருக்கிறது. சமீப ஆண்டுகளில் இதே நிலையைக் கடந்துவந்த அணிகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

நட்சத்திரம் போனதும் எல்லோரும் "அடுத்த நம்பர் ஒன் யார்?" என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

போனவர் என்னென்ன வேலை பார்த்தார் என்பதைப் பார்ப்பேன். 2022 மார்ச்சில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ், டைரீக் ஹில்லை மியாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்து கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய சீசனில் ஹில் 111 பந்துகளைப் பிடித்து 1,239 யார்டும் 9 டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது) எடுத்திருந்தார். அதே எண்ணிக்கையைத் தரும் இன்னொருவரைத் தேடினால் சந்தையில் கிடைக்கமாட்டார். அவர் செய்த வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும்.

அவருடைய வேகத்துக்குப் பயந்து எதிரணிகள் கடைசி வரிசைத் தடுப்பாளர்களான சேஃப்டிகள் இருவரையும் ஆழத்தில் நிறுத்தின. அதனால் நடுமைதானத்தில் டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) டிராவிஸ் கெல்சிக்கு இடம் கிடைத்தது. மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) ஒருவருக்கு ஒருவர் என்று மேன் கவரேஜ் வைத்தால் ஹில் இரண்டே அடியில் விலகி நிற்பார். பந்து போடுவதற்கு முன் பக்கவாட்டில் ஓடி எதிரணியைக் குழப்புவதும் அவர் வேலை. ஆக, மூன்று வேலைகள்.

சீஃப்ஸ் இவற்றைப் பங்குபோட்டுக் கொடுத்தது. ஆழத்தில் ஓட மார்க்கேஸ் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங். நடுவில் அடி வாங்கிக்கொண்டு பிடிக்க ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர். பக்கவாட்டு ஓட்டத்துக்கு மெகோல் ஹார்ட்மன், சீசன் நடுவில் வந்து சேர்ந்த கடாரியஸ் டோனி. மூன்றாவது டவுன் கெல்சியின் பொறுப்பு. ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஜெரிக் மெக்கினன்கூட பந்தைப் பிடித்து 9 டச்டவுன் எடுத்தார். அந்த சீசனில் சீஃப்ஸின் எந்த வைட் ரிசீவரும் 1,000 யார்டைத் தொடவில்லை. ஜூஜூ எடுத்த 933தான் அதிகம். ஆனாலும் குவாட்டர்பேக் மஹோம்ஸ் 5,250 யார்டு, 41 டச்டவுனோடு சீசனின் சிறந்த வீரர் (எம்விபி) ஆனார். உங்கள் அணியில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று தேடுங்கள். அந்த ஓட்டையைத்தான் எதிரணிகள் நவம்பரில் குறிவைக்கும்.

ஹில் போன அதே சீசனிலேயே சீஃப்ஸ் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தது. அப்படியானால் நட்சத்திர ரிசீவர் தேவையே இல்லை என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. சீஃப்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பேசுபவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

2022 சீசன் முடிவில் ஈகிள்ஸுக்கு எதிராக நடந்த சூப்பர் பவுலையே எடுத்துக்கொள்வோம். நான்காவது கால்பகுதி, சீஃப்ஸ் 21-27 என்று பின்தங்கியிருக்கிறது, பந்து 5 யார்டு கோட்டில். டோனி வெளியிலிருந்து உள்ளே ஓடிவருகிறார். தன் ஆள் அந்தப் பக்கம் கடந்துபோகப் போகிறார் என்று நினைத்து, அவரைக் காக்கும் தடுப்பாளரான கார்னர்பேக்கும் உள்ளே நகர்கிறார். பந்து கைமாறும் நொடியில் டோனி சட்டென்று திரும்பி, வந்த பக்கமே வெளியே ஓடுகிறார். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. சற்று நேரம் கழித்து 4 யார்டிலிருந்து ஏறக்குறைய அதே தந்திரம், இந்த முறை ஸ்கை மோர். அவரும் தனியாகத்தான் நின்றார். 38-35 என்று முடிந்த ஆட்டத்தில் இந்த இரண்டு டச்டவுன்களும் எவ்வளவு பெரியவை! ஆனால் இரண்டிலும் ரிசீவர் யாரையும் தன் திறமையால் தாண்டவில்லை. பயிற்சியாளர் ஆண்டி ரீடின் திட்டம் அவர்களுக்கு இடம் உண்டாக்கித் தந்தது. அதைப் பார்த்து "டோனியும் மோரும் தேறிவிட்டார்கள்" என்று முடிவுகட்டியவர்கள் அடுத்த ஆண்டு ஏமாந்தார்கள்.

2023இல் ஜூஜூ இல்லை. கெல்சிக்கு சீசன் நடுவில் 34 வயது ஆனது. ஏழு சீசன்களாகத் தொடர்ந்து 1,000 யார்டைத் தாண்டியவர் 984இல் நின்றார். முதல் ஆட்டத்தில் கெல்சி காயத்தால் ஆடவில்லை. டோனியின் கையிலிருந்து நழுவிய பந்தை லயன்ஸ் வீரர் எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார். சீஃப்ஸ் தோற்றது ஒரே புள்ளியில், 20-21. நவம்பரில் ஈகிள்ஸுக்கு எதிராக, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், வால்டெஸ்-ஸ்கான்ட்லிங் தன் கைக்கு வந்த நீளமான பாஸைத் தவறவிட்டார். அது டச்டவுனாக வேண்டியது. 17-21 என்று தோற்றார்கள். புதிதாக வந்த ரஷீ ரைஸ் 938 யார்டு எடுத்து மானத்தைக் காப்பாற்றினார். அவரைத் தவிர எந்த வைட் ரிசீவரும் 500 யார்டைத் தொடவில்லை. 2022இல் 496 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த அணி, 2023இல் 371இல் நின்றது.

அப்படியும் கோப்பையை வென்றார்களே என்றால், அது தடுப்பாட்டத்தின் புண்ணியம். அதில் முக்கியமானவர் கார்னர்பேக் ட்ரென்ட் மெக்டஃபி. ஹில்லுக்குப் பதிலாகக் கிடைத்த, டிராஃப்டின் 29ஆம் இடத்தையும் 121ஆம் இடத்தையும், தங்கள் கையிலிருந்த 94ஆம் இடத்தோடு சேர்த்துக் கொடுத்து, 21ஆம் இடத்துக்கு முன்னேறி அவரை எடுத்தார்கள். ஹில்லை விட்டதன் லாபம் மைதானத்தின் மறுபக்கத்தில் வந்து சேர்ந்தது. மியாமியிலோ ஹில் 2022இல் 1,710 யார்டு, 2023இல் 1,799 யார்டு. நட்சத்திரம் வீணாகப் போகவில்லை, இடம்தான் மாறியது. அதனால் ஒரு அணி நட்சத்திரத்தை இழந்து நன்றாக ஆடினால், இரண்டாவது சீசனையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பேன்.

இளம் ரிசீவர்களுக்கு எவ்வளவு காலம் பொறுமை காட்டலாம்? எங்கள் அணியில் மூன்று பேரும் புதியவர்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் கஷ்டம் கிரீன் பே ரசிகர்களுக்கு நன்றாகப் புரியும். டவான்டே ஆடம்ஸ் 2021இல் 123 பந்துகள், 1,553 யார்டு என்று ஆடிவிட்டு ரெய்டர்ஸுக்குப் போனார். அதே கோடையில் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங்கும் கிளம்பிவிட்டார். கிரீன் பே பேக்கர்ஸ் டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் கிறிஸ்டியன் வாட்சனையும் நான்காம் சுற்றில் ரோமியோ டப்ஸையும் எடுத்தது. 2022 செப்டம்பரில் வைக்கிங்ஸுக்கு எதிரான முதல் ஆட்டம், பேக்கர்ஸின் முதல் பந்து. வாட்சன் கார்னர்பேக்கைத் தாண்டி ஓடிவிட்டார், குவாட்டர்பேக் ராட்ஜர்ஸின் பந்து துல்லியமாக வந்து இறங்கியது, எதிரே வெறும் புல்வெளி. பந்து கையில் பட்டு விழுந்தது. நவம்பரில் டல்லாஸுக்கு எதிராக அதே வாட்சன் மூன்று டச்டவுன் எடுத்தார்.

அந்த முதல் பந்தைத் திரும்பப் பாருங்கள். விழுந்தது பந்து மட்டும்தான். ஓட்டம், கோணம், வேகம் எல்லாமே சரி. புதியவரிடம் நான் பார்ப்பது இதைத்தான். ஆளைத் தாண்டி விலகி நிற்கிறாரா, சொன்ன ஆழத்தில் திரும்புகிறாரா? விலகத் தெரிந்தவர் பெரும்பாலும் பிடிக்கப் பழகிக்கொள்வார். ஆளை விட்டு விலகவே முடியாதவரை, வந்த பந்தையெல்லாம் பிடித்தாலும் நான் அவ்வளவாக நம்பமாட்டேன். இன்னொரு அடையாளமும் உண்டு: மூன்றாவது டவுனில் பயிற்சியாளர் அவரை உள்ளே வைத்திருக்கிறாரா, வெளியே கூப்பிடுகிறாரா? பயிற்சியில் தினமும் பார்ப்பவரின் தீர்ப்பு அது.

பேக்கர்ஸ் 2022இல் 8-9 என்று முடித்தது. ராட்ஜர்ஸின் இண்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு) 4இலிருந்து 12 ஆனது. கண் ஜாடையிலேயே ஆடம்ஸிடம் ஓடும் பாதையை மாற்றிச் சொல்லிப் பழகியவருக்கு, ஒவ்வொன்றையும் விளக்க வேண்டிய இளைஞர்கள் அமைந்தார்கள். அடுத்த ஆண்டு ராட்ஜர்ஸின் இடத்தில் ஜோர்டன் லவ். ரிசீவர்கள் வாட்சன், டப்ஸ், புதிதாக ஜேடன் ரீட், டான்டேவியன் விக்ஸ். ஒருவர்கூட 800 யார்டைத் தொடவில்லை. ரீட் 793 எடுத்ததே அதிகம். லவ் 32 டச்டவுன் வீசினார், பிளே ஆஃபில் டல்லாஸை 48-32 என்று நொறுக்கினார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது, எல்லோரும் ஒன்றாகக் கற்றார்கள். இரண்டு சீசன் கொடுங்கள்.

மொத்த பாஸிங் யார்டு குறையவில்லை என்றால் ரிசீவர்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. 2020இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ், டியாண்ட்ரே ஹாப்கின்ஸை அரிசோனாவுக்குக் கொடுத்தது. அந்த சீசனில் அதன் குவாட்டர்பேக் டெஷான் வாட்சன் 4,823 யார்டு வீசி லீக்கிலேயே முதலிடம். பிராண்டின் குக்ஸ் 1,150 யார்டு. அணியின் கணக்கு 4 வெற்றி, 12 தோல்வி. பின்தங்கியிருக்கும் அணி வீசிக்கொண்டேதான் இருக்கும், யார்டும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். சமநிலையிலோ முன்னிலையிலோ இருக்கும்போது, மூன்றாவது டவுனில் 6, 7 யார்டு தேவைப்படும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது சொல்லும் உண்மையை மொத்த யார்டு சொல்லாது. அந்த டெக்சன்ஸ் ரிசீவர்கள் மோசமானவர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். தோல்விக்கு மற்ற பக்கங்களில் நிறையக் காரணம் இருந்தது.

நட்சத்திரத்தை விற்று, அந்த டிராஃப்ட் வாய்ப்பிலேயே இன்னொரு ரிசீவரை எடுத்தால் போதாதா?

மினசோட்டாவுக்குப் போதுமாக இருந்தது. ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோவுக்குக் கொடுத்துக் கிடைத்த 22ஆம் இடத்தில் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தார்கள். முதல் சீசனிலேயே 1,400 யார்டு. அதே டிராஃப்டில் அவருக்கு முன்னால் நான்கு ரிசீவர்கள் போயிருந்தார்கள் என்பதை மறக்கவேண்டாம். டென்னசி டைட்டன்ஸும் 2022இல் இதையேதான் செய்தது. ஏ.ஜே. பிரவுனைக் கொடுத்து, 18ஆம் இடத்தில் டிரெய்லன் பர்க்ஸை எடுத்தார்கள். பர்க்ஸ் முதல் சீசனில் 444 யார்டு, பிலடெல்பியாவில் பிரவுன் 1,496. டிசம்பரில் பிரவுன் தன் பழைய அணிக்கு எதிராகவே இரண்டு டச்டவுன் எடுக்க, டைட்டன்ஸ் 10-35 என்று தோற்றது. இரண்டு நாளில் பொது மேலாளரை நீக்கிவிட்டார்கள்.

ஃபேன்டஸி (நிஜ வீரர்களின் கணக்கை வைத்து ஆடும் கற்பனை லீக்) அணிக்காகக் கேட்கிறேன். போனவரின் பங்கு முழுவதும் இரண்டாம் ரிசீவருக்குத்தானே வரும்?

கொஞ்சம் வரும். கிரீன் பேயின் ஆலன் லசார்ட், ஆடம்ஸ் போனபிறகு, 513 யார்டிலிருந்து 788க்கு ஏறினார், அவ்வளவுதான். எதிரணியின் சிறந்த கார்னர்பேக் இப்போது அவர்மேல்தானே வந்து நிற்பார். ரன்னிங் பேக், டைட் எண்ட் பக்கமும் பாருங்கள்.

2024 பஃபலோ பில்ஸ் மாதிரி நட்சத்திரமே இல்லாமல் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால்?

எனக்கு மிகவும் பிடித்த சீசன்களில் ஒன்று அது. டிக்ஸும் போய், கேப் டேவிஸும் போய்விட்டார். அதிகம் பிடித்த கலீல் ஷகீரே 821 யார்டுதான். அப்படியும் 525 புள்ளி, 13 வெற்றி, குவாட்டர்பேக் ஜோஷ் ஆலனுக்கு எம்விபி. ஆனால் இதைச் சாதித்தது ரிசீவர்கள் மட்டுமல்ல. ஆலன் அந்த சீசன் முழுக்க 14 முறைதான் சாக் வாங்கினார், அதாவது வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார். தானே ஓடி 12 டச்டவுன் எடுத்தார். ஓட்டமும் பாதுகாப்பும் இப்படி அமைந்தால், சராசரி ரிசீவரும் நேரம் எடுத்துக்கொண்டு விலகி நிற்கலாம்.

அணி நிர்வாகம் என்ன நினைத்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அக்டோபரிலேயே மூன்றாம் சுற்று வாய்ப்பைக் கொடுத்து அமாரி கூப்பரை வாங்கினார்கள். வெளிப்பக்கம் தனியாக நின்று ஜெயிக்கும் ஆள் வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. அவர்களின் சீசனின் கடைசி நாள், கான்சஸ் சிட்டியில், 29-32, நான்காவது டவுன், 5 யார்டு தேவை. கூடுதல் ஆட்கள் பாயும் பிளிட்ஸ் வருகிறது, ஆலன் பின்னால் ஓடிக்கொண்டே வீசுகிறார், டால்டன் கின்கெய்டின் கையில் பந்து தங்கவில்லை. அந்த நேரத்தில் ஓரிரு நொடிக்குள் ஆளை விட்டு விலகி நிற்கும் ஒருவர் இருந்திருந்தால் என்று இன்னும் ஆதங்கமாக இருக்கிறது.

டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. ரிசீவர் எப்படி ஆடுகிறார் என்று வீட்டிலிருந்து தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. பந்து கைமாறும் முன் சேஃப்டிகளை எண்ணுங்கள். ஆழத்தில் இரண்டு பேர் நின்றால் எதிரணி இன்னும் உங்கள் ரிசீவர்களை மதிக்கிறது. நட்சத்திரம் இருந்தபோது இருவர் நின்ற இடத்தில் இப்போது வாராவாரம் ஒருவர்தான் நிற்கிறார், இன்னொருவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்துவிட்டார் என்றால் பயம் போய்விட்டது என்று பொருள். அப்புறம் குவாட்டர்பேக்கின் காலைக் கவனியுங்கள். பின்னால் வந்து கால் ஊன்றியதும் வீசினால் ரிசீவர் நேரத்துக்கு வந்துவிட்டார். ஊன்றியபின் துள்ளித் துள்ளி நிற்கிறார், அவசரமும் இல்லை என்றால் யாரும் விலகவில்லை. மைதானத்தின் 22 பேரும் தெரியும் வீடியோ கிடைத்தால் மூன்றாவது டவுன்களை மட்டும் பாருங்கள், ஒரு ஆட்டத்துக்கு 12, 15 தான் இருக்கும். நான்கைந்து ஆட்டம் இப்படிப் பார்த்துவிட்டால், எதிரணி மேன் கவரேஜ் வைக்கும்போது குவாட்டர்பேக் யாரைத் தேடுகிறார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.