கிளாரினெட் கீச்சிடுகிறதா? ரீட்டைத் தூக்கி எறியும் முன்

கேள்வி: ஏழு மாதமாக பி ஃபிளாட் கிளாரினெட் கற்கிறேன். கீழ்ச் சுரங்கள் நன்றாக வருகின்றன. நடுவிலிருந்து மேலே ஏறும் இடத்தில் மட்டும் திடீரென்று ‘கீச்’ என்று அலறுகிறது. மூன்று ரீட் மாற்றிவிட்டேன். வாத்தியமே பழுதா?

பாவம், அந்த மூன்று ரீட்டுகளும் (ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் பட்டைகள்) குற்றமற்றவையாக இருக்கலாம். கீழே நன்றாக வாசிக்கிறீர்கள், ஏறும்போதுதான் தகராறு என்றால் என் சந்தேகம் முதலில் விரல்கள் மேல்தான்.

கீச்சு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் தேடுவது எளிது. புல்லாங்குழலை அழுத்தி ஊதினால் சட்ஜம் மேல் சட்ஜத்துக்குத் தாவும். கிளாரினெட் ஒரு முனை மூடிய நேர்குழாய் போல இயங்குவதால், மேல் சட்ஜத்தில் நிற்காமல் அதற்கும் மேலே உள்ள பஞ்சமத்துக்குப் போய்விடும். இந்தத் தாவலை நாம் வேண்டும்போது வரவழைக்கத்தான் இடது கட்டைவிரல் பக்கம் ரெஜிஸ்டர் கீ இருக்கிறது. அது திறப்பது மிகச் சின்ன ஓட்டை. சரி, உங்கள் மோதிர விரல் துளையை முழுதாக மூடாமல் மயிரிழை இடைவெளி விட்டால்? அதுவும் சின்ன ஓட்டைதானே. காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான், தாவிவிடும்.

ஆகவே ஊகிப்பதை விட்டு, வாத்தியத்தைக் கழற்றிச் சோதியுங்கள். மவுத்பீஸையும் (வாயில் வைக்கும் பகுதி) அதை அடுத்து வரும் குட்டிக் குழாயான பேரலையும் மட்டும் சேர்த்து நீளமாக ஊதுங்கள். ஒரே சுரம் பத்து விநாடி ஆடாமல் நின்றால் ரீட், உதடு இரண்டையும் பெரும்பாலும் மறந்துவிடலாம். அங்கேயே கீச்சிட்டால் ரீட்டின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். விரிசலோ உடைசலோ இருந்தால் அது குப்பைக்கு. இல்லையென்றால் நன்றாக நனைத்து, நுனி மவுத்பீஸின் விளிம்போடு நேராக நிற்கும்படி மாட்டுங்கள். கோணலாக உட்கார்ந்த நல்ல ரீட், நேராக உட்கார்ந்த சுமாரான ரீட்டைவிட மோசமாக ஒலிக்கும். கற்பவர்களுக்கு 2 அல்லது 2½ எண் போதும்.

வாய்க்குள் எவ்வளவு போக வேண்டும்? ஒரு துண்டுக் காகிதத்தை ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் இடையே மெதுவாகச் செருகுங்கள். அது முட்டி நிற்கும் இடத்தை ஒட்டித்தான் உங்கள் கீழுதடு இருக்க வேண்டும். அதைத் தாண்டி விழுங்கினால் கீச்சு நிச்சயம். கடிக்கவும் கூடாது. மேல் சுரம் என்றதும் தாடையை இறுக்குவது எல்லோருக்கும் வரும் பழக்கம்தான்.

இப்போது விரல்கள். ஏறும் இடத்தில், ஏ சுரத்திலிருந்து பி சுரத்துக்கு, என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய எதையுமே மூடாத கையமைப்பிலிருந்து இரண்டு கைகளிலுமாக எட்டு விரல்கள் ஒரே நொடியில் இறங்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் அலறல்தான். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஏ வாசிக்கும்போதே வலது கையின் மூன்று விரல்களையும் துளைகளில் வைத்துவிடுங்கள். சுருதி பெரிதாக மாறாது, ஒலி இன்னும் கனமாகவே கேட்கும். பிறகு இறங்க வேண்டியது ஐந்து விரல்கள்தான். இடது ஆள்காட்டி விரலைத் தூக்கி ஏ கீயில் வைக்காமல் பக்கவாட்டில் உருட்டுங்கள். கட்டைவிரல் ரெஜிஸ்டர் கீயைத் தொடும்போது தன் துளையை விட்டுவிடுகிறதா என்று கண்ணாடி முன் பாருங்கள்.

இன்னொரு ஒளிந்திருக்கும் எதிரி, வலது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி. பக்கவாட்டுக் கீகளில் அது சாய்ந்தாலே போதும், கதை முடிந்தது. வாசித்து முடித்ததும் விரல் நுனிகளைப் பாருங்கள். துளையின் வட்டம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். அரை வட்டம்தான் என்றால் அந்த விரல் ஒழுகுகிறது. கர்நாடக இசைக்காக விரலைச் சறுக்கிக் கமகம் பழகுகிறீர்கள் என்றால் அசைவில்லாத நேர்ச் சுரம் சுத்தமாக வரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஆசிரியரை எதிரே உட்கார வைத்து, நீங்கள் ஊத, அவர் விரல் வைக்கட்டும். கீச்சு மறைந்தால் வாத்தியம் நல்லதுதான், விரல்தான் பழக வேண்டும். மறையவில்லை என்றால் மேல் பாகத்தை மட்டும் எடுத்து, துளைகளை மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சுங்கள். பிடித்து நிற்காமல் உடனே ஒழுகினால் ஏதோ ஒரு பேட் (கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை) சரியாக மூடவில்லை. இரு பாகங்களையும் இணைக்கும் பாலக் கீ விலகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், மாட்டும்போது சற்றுத் திருகினாலே அது தப்பிவிடும். பேட் என்றால் நீங்களே பசை ஒட்டிப் பார்க்க வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய், எந்தச் சுரத்தில் அலறுகிறது என்று அங்கேயே வாசித்துக் காட்டுங்கள்.